ஊர் மாறிய பேரேடு

1880களின் தொடக்கத்தில் தோக்கியோவிலிருந்து கட்டுக் கட்டாகத் தபால் அட்டைகள் கிளம்பின. அனுப்பியவர் ஜான் மில்ன். லிவர்பூலில் பிறந்து, சுரங்கவியல் சொல்லிக்கொடுக்க ஜப்பானுக்கு வந்த பேராசிரியர். தோக்கியோவைச் சுற்றி நூறு மைலுக்குள் இருந்த ஊர்களின் அலுவலகங்களுக்கு அட்டைகள் போய்ச் சேர்ந்தன. வாரம் ஓர் அட்டையில், அந்த வாரம் நிலம் ஆடியதா, எத்தனை தடவை ஆடியது என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. திரும்பி வந்த அட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்து வைத்துப் பார்த்தபோதே, நடுக்கங்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எந்த மலைக்கு அப்பால் அவை எட்டுவதில்லை என்பது பிடிபட ஆரம்பித்தது. கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. குமாஸ்தாக்களின் கையெழுத்து போதுமானதாக இருந்தது.

உலக நிலநடுக்கப் பேரேட்டின் கதையை நான் இந்த அட்டைகளிலிருந்துதான் தொடங்குவேன். சீனாவிலும் ஐரோப்பாவிலும் அதற்கு முன்பே பட்டியல்கள் இருந்தன. இந்தியாவிலும் தாமஸ் ஓல்டாம் தொகுத்து, அவர் மகன் பதிப்பித்த இந்திய நிலநடுக்கப் பட்டியல் 1883-ல் அச்சானது. ஆனால் அவையெல்லாம் நடந்து முடிந்ததைத் தேடி எடுத்து எழுதியவை. மில்னுடையது நடக்க நடக்க எழுதப்பட்டது. 1885 முதல் 1892 வரை ஜப்பானில் பதிவான நடுக்கங்களுக்கு அவர் வெளியிட்ட பட்டியலில் 8,331 வரிகள். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், எவ்வளவு பரப்பில் உணரப்பட்டது என்ற கணக்கு.

1895 பிப்ரவரியில் அவர் வீடும் நூலகமும் தீயில் போயின. மனைவி டோனேயுடன் இங்கிலாந்து திரும்பியவர், வைட் தீவில் ஷைட் என்ற சின்ன ஊரில் குடியேறினார். ஜப்பானிலிருந்து ஹிரோட்டா என்ற உதவியாளரும் கூட வந்தார். பேரேடு முதல் தடவையாக ஊர் மாறியது. வைட் தீவில் நிலநடுக்கமே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்து உலகத்து நடுக்கத்தையெல்லாம் எழுத முடியும் என்ற துணிச்சலுக்கு ஒரு காரணம் இருந்தது. 1889-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில், ரெபோர்-பாஷ்விட்ஸ் என்ற வானியலாளரின் நுட்பமான ஊசல் ஒருநாள் காரணமில்லாமல் அசைந்தது. அதே நாள் தோக்கியோவில் நிலம் ஆடியிருந்ததைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். பெரிய நடுக்கம் ஒன்று நடந்தால் பூமியின் மறுபக்கத்திலும் அதன் அலை வந்து சேரும் என்பது உறுதியானது.

ஆகவே ஒரே மாதிரியான கருவியை உலகம் முழுக்க வைக்க வேண்டும் என்று மில்ன் கேட்டார். பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம் ஒப்புக்கொண்டது. அந்தக் கருவியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு தூணிலிருந்து கிடைமட்டமாக நீளும் மெல்லிய தண்டு. அதன் நுனியில் கீறல் போட்ட சிறு தகடு. அதற்குக் கீழே ஒரு பெட்டி, அதன் மூடியில் குறுக்காக இன்னொரு கீறல். விளக்கொளி இரண்டு கீறல்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் புகுந்து, உள்ளே நகரும் புகைப்படத் தாளில் ஒரு புள்ளியாக விழும். நிலம் ஆடாதபோது அது ஒரு நேர்கோடு. ஆடினால் கோடு தடித்துப் பட்டையாகும். பக்கத்தில் ஒரு கடிகாரத்தின் நீண்ட முள் மணிக்கு ஒருதரம் ஒளியை மறைத்துவிட்டுப் போகும். அதுதான் நேரக் குறி.

1897-ல் அசாமில் நடந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவிலும் இந்தக் கருவிகள் வந்தன: கல்கத்தாவின் அலிப்பூர், பம்பாயின் கொலாபா, 1899-ல் கொடைக்கானல். சூரியனைப் பார்க்கக் கட்டிய மலை ஆய்வகத்தில், பூமியைக் கேட்கும் கருவியும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. கேப் டவுன், மொரீஷியஸ், பட்டாவியா, டொராண்டோ என்று ஏறத்தாழ நாற்பது இடங்களிலிருந்து கப்பல் தபாலில் ஷைட்டுக்குத் தகவல் வந்தது. அதை அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்பினார் மில்ன். ஷைட் சுற்றறிக்கைகள் என்ற அந்தத் தாள்களில் கொடைக்கானலின் எண்களும் உண்டு.

குறை என்னவென்றால், மில்ன் கருவியின் தாள் மணிக்கு சுமார் 60 மில்லிமீட்டர்தான் நகரும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு நிமிடம். அலை வந்து தொட்ட கணத்தை ஒரு நிமிடம் தவறாகப் படித்தால், நொடிக்கு 8 கிலோமீட்டர் ஓடும் அலைக்கு அது 480 கிலோமீட்டர் பிசகு. சென்னையில் நடந்ததை மதுரையைத் தாண்டிக் கொண்டுபோய் வைக்கிற பிசகு. கடிகாரங்களும் சேர்ந்து பொய் சொல்லின. 1910-ல் ஈபில் கோபுரத்திலிருந்து வானொலி நேரக் குறி வர ஆரம்பித்த பிறகுதான் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று நேரத்தை ஒப்பிட முடிந்தது.

இடம் கண்டுபிடிக்கும் முறை அடிப்படையில் எளிது. நிலநடுக்கத்திலிருந்து இரண்டு அலைகள் கிளம்புகின்றன. முதல் அலை வேகமானது, இரண்டாவது மெதுவானது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பார்ப்பதைப் போல, இரண்டுக்கும் உள்ள இடைவெளி தூரத்தைச் சொல்லிவிடும். மூன்று நிலையங்களிலிருந்து மூன்று வட்டம் போட்டால், அவை வெட்டிக்கொள்ளும் இடம் மையம். பாடப்புத்தகத்தில் மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் அழகாகச் சந்திக்கும். உண்மையில் சந்திப்பதே இல்லை. பூமிக்குள் அலை எந்த ஆழத்தில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்ற அட்டவணை சரியாக இருந்தால்தான் வட்டம் சரியாக விழும். அந்த அட்டவணையைத் தயாரிக்க நடுக்கம் எங்கே நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்றைத் தெரிந்துகொள்ள மற்றது வேண்டும் என்ற இந்தச் சிக்கல்தான் இந்தத் துறையை நூறு வருடம் ஓட வைத்தது.

1913-ல் மில்ன் இறந்தார். பேரேடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. அங்கே வானியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஹால் டர்னர் அதைக் கையில் எடுத்தார். 1918-ம் ஆண்டின் தரவிலிருந்து அதற்கு 'சர்வதேச நிலநடுக்கத் தொகுப்பு' என்று பெயர். என் பார்வையில் பேரேட்டின் வாழ்க்கையில் முக்கியமான தீர்மானம் இங்கேதான் எடுக்கப்பட்டது. மையம் இங்கே, நேரம் இது என்று முடிவை மட்டும் அச்சிட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொரு நிலையமும் அனுப்பிய நேரத்தையும், அட்டவணைப்படி வந்திருக்க வேண்டிய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தையும் வரிவரியாக அச்சிட்டார்கள். கொடைக்கானலுக்கு 4 நொடி முன்னால், கொழும்புக்கு 3 நொடி பின்னால் என்கிற மாதிரி. இந்த மிச்சங்கள் பார்க்க வெறும் அழுக்காகத் தெரியும். சுத்தமான பட்டியல் வேண்டும் என்று நினைக்கிற யாரும் அவற்றை வெட்டி எறிந்திருப்பார்கள்.

அந்த மிச்சங்களில்தான் டர்னருக்கே முதல் பரிசு கிடைத்தது. சில நடுக்கங்களில் தொலைவிலுள்ள நிலையங்களுக்கு அலை எதிர்பார்த்ததைவிட முன்கூட்டியே வந்துகொண்டிருந்தது. பூமிக்கு அடியில் ஆழத்திலிருந்து கிளம்பினால்தான் அப்படி வரும் என்று 1922-ல் எழுதினார். பலர் நம்பவில்லை. சில ஆண்டுகளில் ஜப்பானின் வடாட்டி, பக்கத்துப் பக்கத்து நிலையங்களின் பதிவுகளைக்கொண்டு ஆழமான நடுக்கங்கள் உண்டு என்று சந்தேகமில்லாமல் காட்டினார்.

1930-ல் டர்னர் போன பிறகு, அன்றாடப் பாரத்தின் பெரும்பகுதியை எத்தெல் பெல்லமி சுமந்தார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில் கணக்குப் போடும் உதவியாளராகச் சேர்ந்தவர். நூற்றுக்கணக்கான நிலையங்களிலிருந்து பல மொழிகளில், பல வகைத் தாளில் வரும் எண்களை ஒழுங்குபடுத்துவதும், எந்த நிலையத்தின் கடிகாரம் நம்பத்தகாதது என்று கண்டுபிடிப்பதும், கைக்கணக்கில் மையங்களைத் திருத்துவதும் அவர் வேலை. 1913 முதல் 1930 வரையிலான மையங்களுக்குத் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு குறிப்பேட்டையும் அவர் தயாரித்தார். நிலநடுக்க ஆய்வின் வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது.

அந்தத் தொகுப்புகளை எடுத்துக்கொண்டுதான் கேம்பிரிட்ஜில் ஹரால்ட் ஜெஃப்ரிஸும், நியூசிலாந்திலிருந்து வந்த மாணவர் கீத் புல்லனும் அட்டவணைக்கும் மையத்துக்கும் இடையிலான அந்தச் சிக்கலை அவிழ்க்க உட்கார்ந்தார்கள். மிச்சங்களைக்கொண்டு அட்டவணையைத் திருத்துவது, திருத்திய அட்டவணையால் மையங்களை மறுபடி கணிப்பது, புதிய மிச்சங்களைக்கொண்டு மறுபடி திருத்துவது. 1940-ல் வெளியான அவர்களுடைய அட்டவணை அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கப் புழங்கியது. இதே காலத்தில் கோபன்ஹேகனில் இங்கெ லேமன் என்ற ஆய்வாளர், நிலையங்களின் நேரங்களை எழுதிய அட்டைகளை ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கி வைத்துத் தோட்டத்து மேஜையில் உட்கார்ந்து வேலை செய்ததாக அவர் உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1929-ல் நியூசிலாந்தில் நடந்த ஒரு நிலநடுக்கத்தின் அலைகள் வரக்கூடாத இடத்தில் வந்திருந்தன. பூமியின் கருவுக்குள் இன்னொரு கரு இருக்கிறது என்று 1936-ல் அவர் சொன்னது அதிலிருந்துதான்.

ஜெஃப்ரிஸ்-புல்லன் அட்டவணை விட்டுச்சென்ற ஒரு வேடிக்கை இன்னும் பழைய பட்டியல்களில் கிடக்கிறது. அதில் பூமியின் மேலோடு 33 கிலோமீட்டர் தடிமன். ஆழம் கணிக்க முடியாத நடுக்கத்துக்கெல்லாம் கணக்காளர்கள் 33 என்று போட்டுவிட்டுப் போனார்கள். பிற்காலத்தில் சில நிறுவனங்கள் 10 என்று போட்டன. விவரம் தெரியாமல் அந்தப் பட்டியலை வரைபடமாகப் போட்டால், உலகத்து நிலநடுக்கங்கள் ஆயிரக்கணக்கில் 33-வது கிலோமீட்டரில் வரிசையாக நிற்பது தெரியும். பூமிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பேரேடு லண்டனின் கியூவுக்குப் போனது. அப்புறம் அரசியல் உதவிக்கு வந்தது. அணுகுண்டுச் சோதனையையும் நிலநடுக்கத்தையும் பிரித்தறிய வேண்டிய கவலையில் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா உலகம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட ஒரே மாதிரியான நிலையங்களை அமைத்தது. கொடைக்கானலும் அவற்றில் ஒன்று. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1965-ல், எல் வடிவில் இரண்டு கைகளாகக் கருவிகளைப் பரப்பினார்கள். அங்கே தேடியதும் வெடிகுண்டைத்தான். நிலநடுக்க ஆய்வுக்குப் பணம் இந்த வழியாக வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. வந்த தரவில் சங்கடமில்லை.

1964-ன் தரவிலிருந்து பேரேடு புதிய பெயரில், எடின்பரோவில், கணினியின் துணையோடு தொடர்ந்தது. அதை நடத்திய சர்வதேச நிலநடுக்கவியல் மையம் பின்னர் நியூபரிக்கும், அதற்குப் பக்கத்து ஊரான தாச்சமுக்கும் நகர்ந்தது, இன்றும் அங்கேதான். நடுக்கம் நடந்த சில நிமிடங்களில் செல்பேசியில் வரும் இடமும் அளவும் முதல் மதிப்பீடு. தாச்சமில் எல்லா நாட்டுத் தகவலும் வந்து சேரும்வரை காத்திருந்து, சரிபார்த்த இறுதி வரி வெளியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். பழைய வரிகளும் நிம்மதியாக இல்லை. 2013-ல் வெளியான மறுகணிப்புப் பட்டியலுக்காக, 1900 முதலான ஏறத்தாழ 19 ஆயிரம் நடுக்கங்களை, பழைய அச்சுப் புத்தகங்களிலிருந்த நேரங்களைத் தட்டச்சு செய்து ஏற்றி, புதிய முறையில் மறுபடி இடம் கணித்தார்கள். டர்னர் காலத்து மிச்சங்கள் இங்கேயும் உதவின.

ஆனால் உலகத்துக்குப் பொதுவான அட்டவணை, ஒரு வட்டாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும் சிறு நடுக்கங்களுக்குப் போதாது. தக்காணத்தின் பழைய கெட்டிப் பாறையில் அலை ஓடும் வேகம் வேறு, கங்கைச் சமவெளியின் வண்டலில் வேறு. அதனால் வட்டாரப் பட்டியல்களில் மையங்கள் ஒரு கோட்டில் இல்லாமல் புகைமண்டலமாகச் சிதறிக் கிடக்கும். 2000-ல் ஃபெலிக்ஸ் வால்ட்ஹவுசரும் வில்லியம் எல்ஸ்வொர்த்தும் இதற்கு ஒரு தந்திரம் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்தில் நடந்த இரண்டு நடுக்கங்களின் அலைகள் ஒரே நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரே பாதையில் வருகின்றன. பாதையைப் பற்றிய நம் அறியாமை இரண்டுக்கும் பொது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது அடிபட்டுப்போகும். மிஞ்சுவது இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். கலிபோர்னியாவின் ஹேவர்ட் பிளவில் இப்படிக் கணக்குப் போட்டபோது, சிதறிக் கிடந்த புள்ளிகள் சுருங்கி மெல்லிய கீற்றுகளாயின. ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை இப்போது சில பத்து மீட்டருக்குள் சொல்ல முடிகிறது. 2019-ல் தெற்குக் கலிபோர்னியாவில் பத்து ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய பதிவுகளைக் கணினிகள் மறுபடி துழாவின. தெரிந்த நடுக்கங்களின் அலைவடிவை ஒத்த சின்னச் சின்ன அசைவுகளைத் தேடி, 18 லட்சத்துக்கு மேற்பட்ட நடுக்கங்களை எடுத்தன.

நம் பக்கத்துப் பெரிய வரி ஒன்று இந்தத் தந்திரம் எதற்கும் மசிவதில்லை. 1900 பிப்ரவரி 8 கோயம்புத்தூர் நிலநடுக்கம்; அளவு சுமார் 6; தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. பட்டியல்களில் வழக்கமாக அதற்குப் போடும் இடம் 10.8 வடக்கு, 76.8 கிழக்கு. அதாவது பாலக்காட்டுக் கணவாயில், வாளையாறு பக்கம். தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம்தான். பத்தில் ஒரு பாகை என்பது 11 கிலோமீட்டர். எங்கே சுவர் வெடித்தது, எங்கே ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள் என்பது போன்ற தகவல்களிலிருந்துதான் இத்தகைய புள்ளிகள் பிறக்கின்றன. கழித்துப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு நடுக்கத்தின் நேரமும் கிடையாது. அந்தப் புள்ளி இனி நகர வேண்டுமென்றால், அந்தக் காலத்துச் செய்தித்தாள்களையும் ரயில்வே, தாலுகாக் கச்சேரிக் கடிதங்களையும் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.