கோடியக்கரை வெளிமான்களுக்குக் குரல் கொடுத்த எழுத்தாளர்... யார் இந்த மா.கிருஷ்ணன்?

காரைக்காலில் இருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டிப் போனால் கோடியக்கரை. அங்கே துள்ளி ஓடும் வெளிமான்களைப் பலரும் பார்த்திருப்பீங்க. அந்த இடத்தின் அருமையை முதலில் எடுத்துச் சொன்னவர் எழுத்தாளரும் ஓவியருமான மா.கிருஷ்ணன்.

யார் இவர்?

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ.மாதவையாவின் கடைசிப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். சட்டமும் முடித்தார். ஆனால் மனசு முழுக்க காடும் பறவையும்தான். 1942-ல் சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளைப் பார்த்தார். பிறகு சென்னை திரும்பி, எழுத்து, படம், போட்டோ என்றே வாழ்ந்தார்.

என்ன எழுதினார்?

1950-ல் கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். 1996 பிப்ரவரியில் இறக்கும் வரை, 46 வருஷம் எழுதினார். அதற்கான படங்களையும் அவரே வரைந்தார். புலி, யானை மட்டுமல்ல, வீட்டு முற்றத்து அணிலும் காக்காவும்கூட அதில் வரும். பேத்திக்காக விலங்குகளைப் பற்றிப் பாட்டு எழுதி, படமும் போட்டுக் கொடுத்தார்.

கோடியக்கரையில் என்ன செய்தார்?

இந்திய வனவிலங்கு வாரிய உறுப்பினராக இருந்தவர், 1962-ல் இங்கே கள ஆய்வு செய்தார். தென்கோடியில் வெளிமான் மிஞ்சியிருக்கும் கடைசி இடம் இதுதான் என்று அடையாளம் காட்டினார். 1967-ல் இது சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒருவர் உண்டு. முயல் கதை எழுதி, படம் வரைந்து புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர், புத்தக வருமானத்தில் பண்ணைகளை வாங்கினார். 1943-ல் இறந்தபோது சுமார் 4,000 ஏக்கரை 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்கு விட்டுச் சென்றார். கிருஷ்ணன் நிலம் வாங்கவில்லை. பேனாவும் கேமராவும்தான் அவர் கையில் இருந்தன. 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போ ஏன் பேசணும்?

வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேணும். ஓடித் தப்பிக்கவும் மேயவும் அதுதான் இடம். கோடியக்கரையில் சீமைக்கருவேலம் பரவப் பரவ அந்தப் புல்வெளி சுருங்குது. அந்நிய மரங்களை இங்கே கொண்டுவந்து நடாதீங்க, இந்த மண்ணின் மரங்களை விடுங்க என்று கிருஷ்ணன் திரும்பத் திரும்ப எழுதினார். சரணாலயம் என்று அறிவித்தால் மட்டும் போதாது, புல்லையும் காப்பாற்றினால்தான் மான் மிஞ்சும்.