கோப்பை யார் கணக்கில்?

நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்த ஆடவர் டென்னிஸ் போட்டியின் வெற்றியாளர் பட்டியல் என் முன்னால் இருக்கிறது. பட்டியலை ஒரு பிரதியாக யாரும் வாசிப்பதில்லை. யார் ஜெயிச்சா, எத்தனை தடவை ஜெயிச்சா என்பதோடு விட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு எளிது. ஒற்றையரில் ஸ்விட்சர்லாந்தின் வாவ்ரிங்கா நான்கு முறை: 2011, பிறகு 2014 தொடங்கி வரிசையாக மூன்று. இந்தியர் ஒருவருமில்லை, 2009 இறுதியாட்டத்தில் சோம்தேவ் தேவ்வர்மன் சிலிச்சிடம் தோற்றார். இரட்டையரில் லியாண்டர் பயஸ் ஆறு முறை, அதில் ஐந்து மகேஷ் பூபதியோடு. (அவர்களுடைய மனஸ்தாபம் பட்டியலில் ஏறாது.)

எண்கள் மறைப்பதும் உண்டு. 2008 இறுதியாட்டம்: யூஸ்னி 6-0, 6-1 என நடாலை வென்றார். படித்தால் நடால் சொதப்பிவிட்டார் என்றே தோன்றும். முந்தைய நாள் அரையிறுதியில் மோயாவை எதிர்த்து மூன்று மணி 54 நிமிடம் ஆடி முடித்த உடம்பு அது. அந்த உழைப்புக்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

இன்னும் விசேஷம், போட்டியின் பெயர். சென்னைக்கு வந்தபோது 'கோல்ட் ஃபிளேக் ஓபன்'. மூச்சிரைக்க ஓடி ஜெயித்தவனுக்கு சிகரெட் பெயரில் கோப்பை! 2001இல் ஐ.டி.சி. விளையாட்டுகளுக்குப் பணம் தருவதிலிருந்து விலகிக்கொண்டது. மனசாட்சி என்று நம்பிவிட வேண்டாம். 2003இல் நிறைவேறிய புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் அப்போதே தயாராகிக்கொண்டிருந்தது. அப்புறம் டாடா. 2005இல்தான் வெறும் 'சென்னை ஓபன்'. 2010இல் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஏர்செல் வந்து உட்கார்ந்தது. 2018இல் அந்தக் கம்பெனியே திவாலானது.

ஆனால் பட்டியலின் முதல் வரி சென்னையே அல்ல. 1996, டெல்லி, ஸ்வீடனின் என்க்விஸ்ட். 2018இலிருந்து ஊர் புணே. பெயர் 'மகாராஷ்டிரா ஓபன்'. சென்னையின் 21 ஆண்டுகளும் புணேயின் முன்வரலாறாக அதே பட்டியலில் கிடக்கின்றன. போட்டி ஊருடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஓர் உரிமம். உரிமம் வைத்திருப்பவர் எங்கே கொண்டுபோகிறாரோ, அங்கே வரலாறும் பெட்டி படுக்கையோடு போகும். அரசாங்க அரங்கம் மட்டும் நுங்கம்பாக்கத்திலேயே நின்றது. புணேயிலும் நிலைக்கவில்லை, 2023தான் கடைசி.

2022 செப்டம்பரில் அதே அரங்கத்தில் 'சென்னை ஓபன்' என்ற பெயரிலேயே பெண்கள் போட்டி நடந்தது. வென்றவர் 17 வயது செக் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா. அது வேறு உரிமம். ஆகவே வேறு பட்டியல். அதில் வாவ்ரிங்கா இல்லை, பயஸும் இல்லை.