போடியார் வீடும் வயல்வாடியும்

மட்டக்களப்பிலே பழைய உழவர் வீட்டைத் தேடிச் செல்வோர் ஒன்றையன்று, இரண்டைத் தேடவேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேடு எழுவான்கரை. மேற்கே நெல்வயல்கள் பரந்தது படுவான்கரை. பெருநிலமுடைய போடியார் பலருக்கு வீடு கிழக்கே, வயல் மேற்கே.

கிடுகு வேலி சூழ்ந்த வளவு, முன்னே திண்ணை, உள்ளே இருண்ட ஓர் அறை, ஒதுங்கி நிற்கும் குசினி, முற்றத்திலே நெற்பட்டறை: இதுவே வீடு. செல்வம் பெருகியவிடத்து மண்சுவர் கற்சுவராயிற்று. கிடுகுக் கூரை ஓட்டுக் கூரையாயிற்று. போடியார் பெயரால் வழங்கினும் இவ்வீடு அவருடையதன்று, மனைவியுடையது. தாய்வழிக் குடிமுறை நிலவிய இந்நாட்டிலே வீடு மகளுக்குச் சீதனம். மருமகன் அங்கே குடிபுகுவான். பெற்றோர் ஒதுங்கிக்கொண்டு அடுத்த மகளுக்கு அருகிலேயே வீடெழுப்புவர். ஒரே வளவில் வீடுகள் நெருங்கி நிற்பதன் காரணம் இதுவே. தூணையும் கதவையும் மட்டும் அளந்து திரும்புவோர் இதனைக் காண்பதில்லை. கிறிஸ்தோபர் பிறிற்றோ முக்குவர் சட்டத்தை நூலாக வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே, ஆங்கில அரசின் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. மாமன் சொத்து மருமகனைச் சேரும் பழைய வழக்கு அதனோடு சட்டவலு இழந்தது. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமோ அழியவில்லை. வயற்காரனும் தன் மகளுக்கு ஒரு குடிசையாவது கொடுத்தாகவேண்டும்.

வாவியைத் தோணியிற் கடந்தால் மற்றைய வீடு: வாடி. காட்டுக்கம்புகள், மேலே வைக்கோல், அருகே யானைக்கும் பன்றிக்கும் விழித்திருக்கும் காவற்பரண். முல்லைக்காரனும் அவன்கீழ் வயற்காரரும் விதைப்பு முதற் சூடடிப்பு வரை இங்கே தங்கினர். விதைநெல்லும் உணவும் போடியார் முன்கூட்டித் தருவார். களத்திலே அக்கடன் கழிந்த பின்னரே அவர்களுக்குப் பங்கு. பட்டறை நிறைந்த கதையை வாடியிலிருந்தன்றோ எழுதவேண்டும்? நம் வரலாற்றாசிரியரோ திண்ணையிலேயே அமர்ந்துவிடுகின்றனர். பழைய வீடொன்றை வரையச் சொன்னால் எம் மாணவரும் தூணையே வரைவர்; வாடியை வீடென்று எண்ணார்.

1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை விளைவில் நாலிலொரு பங்கை மிஞ்சலாகாதென்றது. பயிரிடுவோனுக்கு நிலைத்த உரிமையையும் அளிக்க முயன்றது. நாடெங்கும் நிலவுடைமையாளர் பலர் குத்தகைக்காரரை வெளியேற்றினர். உரிமை கேட்கக்கூடியவன் கூலியாளானான்.

1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி ஓட்டுவீடு, ஓலைவீடு என்று பாராது சாய்த்தது. பின்னர்ப் போர் வந்தது; வளவுகள் பல பாழாயின. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. ‘பாதை’ என்னும் மிதவைக்கு மக்கள் காத்துநின்ற துறையை உழவு இயந்திரம் இப்போது சில நிமிடத்திற் கடக்கிறது. அக்கரையிலே வாடி இன்னும் நிற்கிறது. கூரையிலே மட்டும் தகரம் ஏறியிருக்கிறது.