வேலைநிறுத்தத்தை எடைபோடுதல்: கொல்கத்தாவில் கொண்டுசேர்ப்போர், 1827 முதல் 2026 வரை

ஆளையோ சரக்கையோ கடிதத்தையோ ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் சேர்ப்பிக்கும் தொழிலைச் செய்வோர், ஆலைத் தொழிலாளரைப் போல ஒரே கூரையின் கீழ் திரள்வதில்லை. நகரமெங்கும் சிதறி நிற்கும் அவர்கள் வேலையை நிறுத்துவது என்று முடிவெடுக்க முனையும்போது, தமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற கேள்வியே கூலிக் கணக்குக்கும் முன்னால் வந்து நிற்கிறது. ஸ்விக்கி, சொமாட்டோ, பிளிங்கிட் போன்ற செயலி நிறுவனங்களின் பணியாளர் இன்று எதிர்கொள்ளும் இக்கேள்விக்குக் கொல்கத்தாவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வாறு பதில் சொல்லக் கடமைப்பட்ட எதிர்த்தரப்பு உருவாக நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும், உருவான அது செயலி நிறுவனங்களின் வருகையோடு மீண்டும் மறைந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது 1827ஆம் ஆண்டின் பல்லக்குத் தூக்கிகள் வேலைநிறுத்தமாகும். அக்காலக் கல்கத்தாவில் பல்லக்குச் சுமந்தோரில் பெரும்பாலோர் ஒடியா மொழி பேசுவோர். ஊரிலிருந்து கூட்டாக வந்து, கூட்டாகத் தங்கி, கூலியைப் பயணத்துக்குப் பயணம் பேசிக்கொண்டவர்கள். காவல்துறை கொண்டுவந்த புதிய விதிகளின்படி ஒவ்வொரு தூக்கியும் பதிவு செய்துகொண்டு எண் பொறித்த வில்லை அணிய வேண்டும் என்றும், கூலி இனி மணிக்கணக்கில் நிர்ணயித்த விகிதப்படியே வழங்கப்படும் என்றும் ஆயிற்று. தூக்கிகள் வேலையை நிறுத்தினார்கள். நகரத்து வெள்ளையரும் செல்வந்தரும் வீட்டைவிட்டு நகர முடியாமல் தவித்தார்கள். எனினும் ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த அந்த நிறுத்தம் தூக்கிகளின் பிடியைத் தளர்த்தவே செய்தது. வட இந்தியாவிலிருந்து வேறு தூக்கிகள் வந்து சேர்ந்தனர். பல்லக்கின் தண்டுகளை நீக்கிச் சக்கரம் பூட்டிக் குதிரையால் இழுக்கச் செய்த ‘பிரவுன்பெர்ரி’ என்னும் வண்டியும் இந்நெருக்கடியிலேயே பிறந்தது என்று சொல்லப்படுகிறது. கூலியைத் தருபவர் பல்லக்கில் ஏறுபவர். கூலியின் அளவை வகுத்ததோ காவல்துறை. ஆகவே தூக்கிகள் பேரம் பேசுவதற்கு முதலாளி என்று ஒருவர் இருக்கவில்லை. எண் வில்லைக்கும் இன்றைய செயலியின் ‘ஐடி’க்கும் இடையிலுள்ள ஒப்புமை மேலோட்டமானதன்று: இரண்டும் உழைப்பவரைத் தனித்தனி எண்ணாகப் பிரித்து, விகிதத்தை அவர் கேளாமலே மேலிருந்து இறக்கும் ஏற்பாடுகள்.

நூறாண்டுக்குப் பின்னர், 1930 ஏப்ரல் 1 அன்று, வண்டிக்காரர்கள் தெருவை அடைத்தார்கள். கோடைக்காலத்தில் நண்பகல் வெயிலில் எருமை வண்டிகள் ஓடக்கூடாது என்று, விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் நோக்கில், பிறப்பிக்கப்பட்ட ஆணை அவர்களின் நடைக் கணக்கைக் குறைத்தது. நடைக்கு நடை கூலி பெற்றவர்க்குப் பகலின் நடுவே சில மணி நேரம் போவது என்பது அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி போவதாகும். அப்துல் மோமின், சுவாமி விசுவானந்தர் போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் வழிகாட்ட, ஹாரிசன் சாலையிலும் படாபஜார்ப் பகுதியிலும் வண்டிகளையே குறுக்கே நிறுத்தி வழிமறித்தனர், காவல்துறை சுட்டது, உயிர்கள் பலியாயின. தூக்கிகளிடம் இல்லாத இரண்டு வலிமைகள் வண்டிக்காரரிடம் இருந்தன. அவர்கள் சுமந்தது துறைமுகத்துக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட சரக்கு, அதாவது நகரத்தின் வணிகமே. அவர்களின் கருவியே அவர்களின் அரணாகவும் ஆயிற்று. ஆனாலும் எதிரே நின்றது அப்போதும் காவல்துறைதான்.

இவ்விரு போராட்டங்களுக்கும் இடையே, சென்னையில் நடந்த ஒரு வழக்கு இந்தியா முழுமைக்குமான சட்ட நிலையை மாற்றியது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியாவுக்கு எதிராகப் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. வேலையை நிறுத்தச் சொன்னவர் நட்ட ஈட்டுக்குப் பொறுப்பாவார் என்ற அச்சுறுத்தல் நீங்க வேண்டும் என்ற கோரிக்கையின் பயனாக 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கு அச்சட்டம் அளித்த காப்பு இல்லாதிருந்தால், வேலைநிறுத்த அறிவிப்பை எழுத்தில் தந்துவிட்டு அதற்கான பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் வேரூன்றியிருக்காது.

அவ்வழக்கத்தின் முழு வலிமையும் 1946இன் அஞ்சல் வேலைநிறுத்தத்தில் வெளிப்பட்டது. போர்க்கால விலையேற்றமும் 1943இன் வங்கப் பஞ்சமும் அஞ்சல்காரரின் சம்பளத்தை அரித்திருந்தன. அஞ்சல்காரர் மற்றும் கீழ்நிலை ஊழியர் சங்கம் கோரிக்கைகளைத் தொகுத்து அரசிடம் அளித்தது; பிணக்கைத் தீர்க்க நீதிபதி ராஜாத்யக்ஷா நடுவராக அமர்த்தப்பட்டார்; சம்பளத்தை ஆராய, சென்னையைச் சேர்ந்த நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில் முதலாவது சம்பளக் குழுவும் அமைக்கப்பட்டிருந்தது. குழுவின் முடிவு வரும்வரை காத்திருப்பதா, இப்போதே இறங்குவதா என்பதுதான் ஊழியர்முன் நின்ற தேர்வு. காத்திருந்தால் கூடுதல் சம்பளம் வரலாம். ஆனால் அன்றாடச் செலவு அதுவரை காத்திருக்காது. ஜூலை 11 அன்று அவர்கள் இறங்கினார்கள். முதலில் ஒதுங்கியிருந்த மற்றச் சங்கங்கள் பல இடங்களில் பின்னர்ச் சேர்ந்தன. கடிதமும் மணியார்டரும் தேங்கின. ஜூலை 29 அன்று அஞ்சல்காரர்க்கு ஆதரவாகக் கல்கத்தா முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. டிராம் ஓடவில்லை, ஆலைகள் இயங்கவில்லை, கடைகள் திறக்கவில்லை. சலீல் சௌதுரி அந்நாளுக்காக இயற்றிய பாடல் இன்றும் வங்கத்தில் பாடப்படுகிறது. அதன்பின் பதினெட்டாம் நாளில், ஆகஸ்ட் 16 அன்று, அதே தெருக்களில் மதக் கலவரம் வெடித்தது. ஜூலையில் தோளோடு தோள் நின்றவர்களின் ஒற்றுமை அவ்வளவு விரைவில் குலைந்ததை வருத்தமின்றி எழுதுதல் இயலாது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அஞ்சல் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தபோது கோரிக்கைகளில் கணிசமான பகுதி ஏற்கப்பட்டிருந்தது. 1947இல் சம்பளக் குழு கடைநிலை ஊழியர்க்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய் என்று பரிந்துரைத்தது. இங்கே கருதத்தக்கது தொகையைவிட முறையே ஆகும். அறிவிப்பு பெற்றுக்கொள்ள ஓர் அலுவலகம் இருந்தது. மறுமொழி தரக் கடமைப்பட்ட அரசு இருந்தது. ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்க ஒரு சங்கம் இருந்தது. எனவே அஞ்சல்காரர் கணக்கிட்டது ‘எத்தனை நாள் பட்டினி தாங்கும்’ என்பதை மட்டுமன்று. ‘எத்தனை நாளில் எதிர்த்தரப்பு பேச வரும்’ என்பதையும் சேர்த்துத்தான்.

செயலிவழி விநியோகம் இந்த இரண்டாம் கணக்கை அழித்துவிட்டது. பணியாளர் ‘டெலிவரி பார்ட்னர்’ எனப்படுகிறார். பங்காளிக்குச் சம்பளமில்லை, ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்ற ‘ரேட் கார்டு’ மட்டுமே உண்டு. அது மாறும்போது கைப்பேசித் திரையில் தெரியவருவதைத் தவிர வேறு அறிவிப்பும் இல்லை. 2023 ஏப்ரலில் தில்லி வட்டாரத்தில் பிளிங்கிட் ஓர் ஆர்டருக்கான குறைந்தபட்சத் தொகையை 25 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைத்தபோது பணியாளர் வேலையை நிறுத்தினர். பல கிடங்குகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. போராடியவர்களில் சிலரின் ஐடி முடக்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. ஐடி முடக்கம் என்பது பணிநீக்கம். ஆனால் விசாரணையோ உத்தரவோ இல்லாத பணிநீக்கம்.

பேசுவதற்கு வழியற்ற குறை வேறு வழியில் வெளிப்படுவதைக் கொல்கத்தா வட்டாரத்தின் இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. 2019 ஆகஸ்டில் ஹௌராவில் சொமாட்டோ பணியாளர் நடத்திய போராட்டத்தில் கூலிக் குறைப்பும் ஒரு குறையாக இருந்தது. நாடெங்கும் பேசப்பட்டதோ மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கொண்டுசெல்ல அவர்கள் மறுத்தது மட்டுமே. 2020 ஜூனில், இந்திய-சீனப் படைகளின் கல்வான் மோதலுக்குப் பின், பெஹாலாவில் அந்நிறுவனப் பணியாளர் சிலர் சீன முதலீட்டை எதிர்த்துத் தம் சிவப்புச் சட்டைகளை எரித்தனர். சமயமும் தேசமும் செய்தியாகும் இடத்தில் ரேட் கார்டு செய்தியாகாமல் போகிறது என்பதைத் தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

செயலிவழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பும் தெலங்கானா கிக் தொழிலாளர் சங்கமும் 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் நாடு தழுவிய நிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தன. ‘கிக்’ என்பது நிலையான வேலை ஒப்பந்தமின்றி, செய்யும் பணிக்கேற்பக் கூலி பெறும் முறையைக் குறிக்கும். ஆண்டின் கடைசி இரவு ஆர்டர்கள் குவியும் என்பதால் நாள் தேர்வு நியாயமானதே. ஆனால் அதே காரணத்தால் அன்று ஊக்கத்தொகையும் உச்சத்தில் இருந்தது. நெருக்கடி நேரத்தில் ஓர் ஆர்டருக்கு 120 முதல் 150 ரூபாய் வரை தருவதாகச் சொமாட்டோ அறிவித்தது. பண்டிகை நாள்களில் இது வழக்கமே என்றன நிறுவனங்கள். 1.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்வர் என்று சங்கங்கள் கூறியிருக்க, சொமாட்டோவும் பிளிங்கிட்டும் அன்று 75 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்களைச் சேர்ப்பித்ததாக நிறுவனத் தரப்பு மார்தட்டிக்கொண்டது. வாடகையும் வண்டித் தவணையும் கழுத்தை நெரிக்கும் ஒருவர் மற்ற நாள்களில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு கிடைக்கும் ஒரே இரவில் வண்டியை எடுத்தார் என்பதற்காக அவரைக் கருங்காலி என்பது பெரும் அநீதி.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கிக் தொழிலாளரை முதன்முறையாகப் பெயர் சொல்லி ஏற்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நல நிதிக்கு அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே வரையறை அவர்களை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கோரும் தொழில் உறவுத் தொகுப்பின் ‘தொழிலாளி’ வரையறையிலோ அவர்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை.

2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் நிறுவனங்களோடு பேசியதன் விளைவாகப் பிளிங்கிட் ‘10 நிமிடம்’ என்னும் விளம்பர வாசகத்தைக் கைவிட்டது. சாலையில் உயிரைப் பணயம் வைப்போர்க்கு இது பயன் தருமென்றால் வரவேற்கத்தக்கதே. எனினும் கைவிடப்பட்டது வாடிக்கையாளருக்குத் தந்த வாக்குறுதி. பணியாளரின் ரேட் கார்டும், ஐடியை முடக்கும் அதிகாரமும் அப்படியே இருக்கின்றன. 1946இல் அஞ்சல்காரரின் கோரிக்கைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரு தரப்பையும் கேட்ட நடுவரைப் போன்ற ஒருவர், கொல்கத்தாவின் சாலைகளில் உணவுப் பையோடு ஓடும் பணியாளர்க்கு இன்றுவரை அமர்த்தப்படவில்லை.