ஆடையின் அரசியலும் மிதிவண்டியும்

உடையைக் குறைத்துக்கொண்டோ முற்றிலும் களைந்தோ கூட்டமாக மிதிவண்டி ஓட்டி, எண்ணெய் எரிக்கும் வாகனங்களின் ஆதிக்கத்தை எதிர்ப்பதோடு, மனித உடல் எந்த வடிவினதாயினும் வெட்கத்திற்குரியதன்று என்று அறிவிக்கும் போராட்ட முறை, 2001இல் ஸ்பெயினின் சரகோசா நகரில் தோன்றி, 2004இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கான்ராட் ஷ்மிட் என்பவரின் முயற்சியால் ‘உலக நிர்வாண மிதிவண்டிப் பயணம்’ என்னும் பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. யார் எவ்வளவு உடுத்துவது என்பதை அவரவரே முடிவு செய்கின்றனர். காருக்கும் லாரிக்கும் நடுவே மிதிவண்டியில் செல்பவருக்குக் கவசம் எதுவும் இல்லை என்பதை ஆடையற்ற உடல் சொல்லாமலே சொல்லிவிடும் என்பது பங்கேற்போரின் வாதம்.

இந்த வாதம் தேனியோடு இணைந்து ஒரே நகராட்சியாக விளங்கும் அல்லிநகரத்தின் சாலையில் அப்படியே பொருள்படாது. அதற்குக் காரணம் நாணம் மட்டுமன்று, இந்நிலத்தில் ஆடைக்கு இருந்துவந்த வரலாறு. தேனி மாவட்டம் 1996இல் பிரிக்கப்படும் வரை அல்லிநகரம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்த மதுரையின் மேலமாசி வீதி வீடு ஒன்றில் தங்கியிருந்த காந்தி, 1921 செப்டம்பர் 22 அன்று, மேலாடையைத் துறந்து முழங்காலளவு வேட்டியோடு வெளிவந்தார். அந்நியத் துணியை விட்டுக் கதருக்கு மாற ஏழைகளிடம் பணமில்லை என்ற நிலையில், தம் உடையை அவர்களின் அளவுக்குக் குறைத்துக்கொள்வதே அச்செயலின் நோக்கம். பழனியாண்டியின் கோவணத்தைக் கைகூப்பி வணங்கிப் பழகிய மக்களுக்கு அதன் பொருளை விளக்கவேண்டிய தேவை இருந்திராது.

மேற்சட்டையைக் கழற்றிவிட்டு அலுவலக வாசலில் அமரும் ‘அரை நிர்வாணப் போராட்டம்’ தமிழகத்தில் வழக்கமான ஒன்று. அதன் உச்சம் 2017இல் தில்லியில் காணப்பட்டது. கடும் வறட்சிக்குப் பின், பயிர்க்கடன் தள்ளுபடியும் நிவாரணமும் கேட்டு அய்யாக்கண்ணு தலைமையில் மார்ச் 14 அன்று ஜந்தர் மந்தரில் அமர்ந்த விவசாயிகள், மண்டை ஓடுகளை ஏந்தியும் எலியை வாயில் கவ்வியும் பார்த்துப் பயனின்றி, ஏப்ரல் 10 அன்று பிரதமர் அலுவலகம் அருகே ஆடைகளைக் களைந்து ஓடினர். வான்கூவர் பயணத்தையும் இதையும் ஒரே வரிசையில் வைப்பது தவறு: அங்கே நிர்வாணம் கொண்டாட்டம், இங்கே, இழப்பதற்கு மானம் ஒன்றே மிச்சம் என்ற முறையீடு. தில்லியில் களைந்தவர் எவரும் தம் உடலைப் பார்த்து மகிழும்படி கேட்கவில்லை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலோ, சுற்றுச்சூழல் போராட்டங்களுக்கு உடலைத் திறந்துகாட்டுவதை விட நடையே அடையாளமாயிற்று. முல்லைப் பெரியாறு அணைக்காக 2011 டிசம்பரில் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்தனர். வளிமண்டலத்தில் உருவாகும் மிக நுண்ணிய துகள்களை ஆராய, பொட்டிபுரத்து மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து அமைக்கப்படவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்திற்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும் எதிர்ப்பு வலுத்தது. அந்த ஆய்வகத்தை எதிர்த்து 2018இல் அரசியல் தலைவர் வைகோ மதுரையிலிருந்து கம்பத்தை நோக்கி நடைபயணம் மேற்கொண்டார்.

உடலை ஏற்றல் என்பதன் உள்ளூர் வரலாற்றைத் தேடுபவர் இன்னும் சற்றுத் தொலைவு செல்லவேண்டும். பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால் பரந்திருந்த திருவிதாங்கூர் அரசில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், மார்பை மறைக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்த நாடார் பெண்கள் தோள்சீலைப் போராட்டம் எனப்படும் நெடிய எதிர்ப்பை நடத்தி, 1859இல் ஓரளவு உரிமை பெற்றனர். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்த அனுமதி இல்லை. தன் உடல் தனக்குரியது என்ற கோரிக்கை அங்கே களைவதாக அன்றிப் போர்த்துவதாக வெளிப்பட்டது. களைவதே விடுதலை என்னும் மேலைக் கருத்தை இங்கே கொண்டுவருவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

மிதிவண்டியும் அத்தகைய உரிமைப் பொருளாக ஒருமுறை ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுத்தறிவு இயக்கமான அறிவொளி, பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதையும் தன் பணியாக்கிக்கொண்டது. கால் தூக்கி வண்டியேறும் பெண்ணின் உடலைக் கேலி செய்த தெருக்களிலேயே அவர்கள் சேலையோடும் தாவணியோடும் ஓட்டிப் பழகினர். 1992இல் மகளிர் தினத்தை ஒட்டி, கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் வந்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவு கிடைக்காததால் பலர் ஓட்டியது ஆண்களுக்கான வண்டி. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினர்.