கெடு யாருக்குச் சொந்தம்?

இன்றைய பிள்ளைகள் ‘கெடு’ என்ற சொல்லைப் பரீட்சைக் கட்டணத்துக்கும் மின்கட்டணத்துக்கும்தான் சொல்கிறார்கள். நம் மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் பிரித்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் கனம் தெரியும். இத்தனை வருஷக் கெடுவுக்குள் அசலைக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்வது, தவறினால் இன்னது என்று எழுதியிருக்கும். பெண்ணின் கல்யாணம், கிணறு வெட்டிய செலவு, மழை பொய்த்த வருஷம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக நிலம் ஒற்றிக்குப் போயிருக்கும். பேச்சில் ஒத்தி என்போம்.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று எல்லோரும் பேசுவார்கள். கெடுவுக்கு முன்பே பணம் கைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? கொண்டுபோய் நீட்டினால் கடன் கொடுத்தவர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா? “கெடு முடியட்டும், அப்புறம் வா” என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? கெடு என்பது யாருடைய வசதிக்காக வைத்தது?

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மகனுடைய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாமா என்று யோசிக்கும் பெரியவர்கள் இன்று கேட்பதும் இதே கேள்விதான். இதற்கான விடை காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறி வந்திருக்கிறது.

செத்த ஈடும் உயிருள்ள ஈடும்

நான் காரைக்கால் பக்கம் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தபோது கோப்புகளில் அடிக்கடி கண்ணில் பட்ட ஆங்கிலச் சொல் ‘மார்ட்கேஜ்’. அது பழைய பிரெஞ்சுச் சொல். ‘மோர்’ என்றால் செத்தது, ‘காஜ்’ என்றால் ஈடு. செத்த ஈடு!

ஏன் இந்தப் பெயர்? 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ‘கிளான்வில்’ என்ற சட்ட நூல் ஒரு விளக்கம் தருகிறது. நிலத்தை ஈடாக வாங்கியவர் அதன் விளைச்சலை எடுத்துக்கொள்கிறார். அந்த விளைச்சல் அசலில் கழிந்துகொண்டே வந்தால் அது உயிருள்ள ஈடு. விளைச்சலும் அவருக்கு, அசலும் அப்படியே நிற்கிறது என்றால் அது செத்த ஈடு. பின்னால் வந்த சட்ட அறிஞர் கோக் வேறு விளக்கம் சொன்னார்: கடனைக் கட்டத் தவறினால் வாங்கியவனுக்கு நிலம் செத்துப்போகிறது, கட்டிவிட்டால் கொடுத்தவனுக்கு ஈடு செத்துப்போகிறது.

நம் ஒற்றியும் போக்கியமும் பெரும்பாலும் இந்தச் செத்த ஈட்டு வகைதான். “வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை” என்று போக்கியத்துக்குச் சொல்வோமே, அதே கணக்கு. பத்து வருஷம் கழித்துப் போனாலும் அசல் முழுதாக நிற்கும். அதனால்தான் சீக்கிரம் மீட்கும் உரிமை அவ்வளவு முக்கியம். முந்திரிக் கொல்லையை ஒற்றி வைத்தவனுக்கு ஒரு வருஷம் முன்னால் மீட்டால் ஒரு வருஷ மகசூல் மிச்சம். ஒற்றி பிடித்தவருக்கோ அதே மகசூல் நஷ்டம். அவர் கெடுவைக் காட்டித் தள்ளிப்போடுவதில் ஆச்சரியம் இல்லை.

லண்டனில் தீர்ந்த நம்மூர் வழக்குகள்

‘கெடு தப்பினால் கிரயமாகிவிடும்’ என்று எழுதிக்கொடுத்த அடமானங்களில், கெடு தாண்டிய பிறகும் பணத்தைக் கட்டி மீட்கலாமா என்ற சண்டை 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வலுத்தது. மீட்கலாம் என்று இங்குள்ள நீதிமன்றங்கள் 1858 முதல் சொல்லத் தொடங்கியிருந்தன. பட்டாபிராமய்யருக்கும் வெங்கடராவ் நாயக்கருக்கும் நடந்த வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1870-இல் அதை ஏற்கவில்லை. அப்படி மீட்கும் உரிமை இந்நாட்டின் பழைய சட்டத்தில் இல்லை, எழுதிய பத்திரம் எழுதியபடிதான் என்றது. 1875-இல் தம்புசாமி முதலியார், உசேன் ராவுத்தர் வழக்கிலும் இதே பேச்சு வந்தது. ஆனால் இத்தனை வருஷமாக மக்கள் வேறு விதமாக நம்பி நடந்துவிட்டார்களே என்ற தயக்கமும் அந்தத் தீர்ப்பில் தெரிந்தது.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. அதன் 60-ஆவது பிரிவுப்படி, கெடு தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் மீட்கும் உரிமை போய்விடாது. பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அடமானம் அடமானமாகவே இருக்கும். கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். வட்டி அத்தோடு நிற்கும் என்று 83, 84 பிரிவுகள் வழி செய்தன.

ஆனால் அந்த 60-ஆவது பிரிவிலேயே ஒரு நுணுக்கம் உண்டு. அசலைக் கொடுக்க வேண்டிய காலம் வந்த பின்னரே மீட்கும் உரிமை தொடங்குகிறது. கெடுவுக்குப் பின்னால் இருந்த கதவைச் சட்டம் திறந்துவிட்டது. முன்னால் இருந்த கதவைத் திறக்கவில்லை. அஜ்மீரில் 1899-இல் 85 வருஷக் கெடு வைத்து எழுதிய ஓர் அடமானத்தை மீட்க 1947-இல் வழக்குப் போட்டார்கள். 85 வருஷம் என்பதாலேயே அந்தக் கெடு செல்லாது என்று சொல்ல முடியாது, காலம் இன்னும் வரவில்லை என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெடு முடிவது 1984-இல்!

காரைக்காலில் வேறு விடை

இதே காலத்தில் நமக்குக் கிழக்கே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலும் புதுச்சேரியிலும் நடந்தது வேறு சட்டம். நெப்போலியன் 1804-இல் கொண்டுவந்த சிவில் சட்டத் தொகுப்பு 1819-இல் அங்கே அமலுக்கு வந்தது. அதன் 1187-ஆவது பிரிவு நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. கெடு என்பது கடன் வாங்கியவனின் நன்மைக்காக வைத்தது என்றே கொள்ள வேண்டும். கொடுத்தவருக்காகவும் வைத்தது என்பது பத்திரத்திலோ சூழ்நிலையிலோ தெரிந்தால் ஒழிய.

கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ‘கெடு முடியட்டும்’ என்றது சட்டம். காரைக்காலில் ‘கெடு உன்னுடையது, வேண்டாமென்றால் விட்டுக்கொடுத்து முன்னதாகவே கட்டு’ என்ற எண்ணத்திலிருந்து தொடங்கியது. வட்டிக் கடனில் கெடு இரண்டு பேருக்கும் சொந்தம் என்ற வாதம் அங்கேயும் உண்டுதான். ஆனாலும் அதை எடுத்துக் காட்ட வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. மீட்டுக்கொள் என்பதற்கும் காத்திரு என்பதற்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டிப் பயண தூரம்தான் இருந்தது.

ராஜாஜியின் 1938 சட்டம்

1930-களில் விளைபொருள் விலை விழுந்தபோது குடியானவர் கடன் மூச்சு முட்டும் அளவுக்குப் போயிற்று. 1937-இல் பதவிக்கு வந்த ராஜாஜி மந்திரிசபை மறு வருஷமே சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டிப் பாக்கி தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அதற்குப் பிந்தைய கடன்களுக்கு வட்டி 5 சதவீதம்தான்.

அனுபவத்தோடு ஒப்படைத்த ஒற்றிகளில், வட்டி இன்னது என்று பத்திரத்தில் எழுதாதவை முதலில் இதற்குள் வரவில்லை. 1948-இல் செய்த திருத்தம் அவற்றுக்கும் தனியாக ஒரு பிரிவைச் சேர்த்தது. நம் தாத்தா காலத்து நிலங்கள் சில திரும்பி வந்ததில் இந்தச் சட்டங்களுக்குப் பங்கு உண்டு.

ஒற்றியிலிருந்து மாதத் தவணைக்கு

என் தலைமுறை அரசு ஊழியர்களுக்கு வீடு என்றால் வீடு கட்டும் முன்பணம்தான். மனையை அரசுக்கு அடமானம் எழுதிக் கொடுப்போம். சம்பளத்தில் முதலில் அசலைப் பிடிப்பார்கள், வட்டியைக் கடைசியில் பிடிப்பார்கள். வட்டிக்கு வட்டி இல்லை. முன்னால் கட்டினால் யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

1977-இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கியது, பிறகு வங்கிகளும் வீட்டுக் கடனில் இறங்கின. நிலம் நம்மிடமே இருக்கும், பத்திரம் மட்டும் வங்கிப் பெட்டகத்துக்குப் போகும். இங்கே பழைய கெடுக் கேள்வி புது வேஷத்தில் வந்தது. கடனை முன்னதாக அடைத்தால் அபராதம்! நிற்கும் அசலில் நூற்றுக்கு இரண்டு என்று பல இடங்களில் வாங்கினார்கள். ‘எங்களுக்கு வரவேண்டிய வட்டி போகிறதே’ என்பது அவர்கள் வாதம். ஒற்றி பிடித்தவர் சொன்ன அதே மகசூல் கணக்கு.

இது போட்டிக்கு விரோதம் என்று இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகார் போனது. 2010 டிசம்பரில் ஆணையத்தின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி அமைத்த தாமோதரன் குழு, அபராதம் கூடாது என்ற பக்கம் நின்றது. வீட்டு வசதி நிறுவனங்களுக்குத் தேசிய வீட்டு வசதி வங்கி 2011-இல் தடை போட்டது. 2012 ஜூன் 5-ஆம் தேதி, மாறும் வட்டியில் கொடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பவரிடம் வங்கிகள் எந்த அபராதமும் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நெப்போலியன் சட்டம் எழுதிவைத்த அந்த எண்ணம் நம் வீட்டுக் கடனுக்கு வந்து சேர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கெடு இப்போது கடன் வாங்கியவனுக்குச் சொந்தம்.

நண்பர்கள் அடிக்கடி கேட்பவை

*முன்னால் கட்டினால் அவ்வளவு லாபமா?* ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய், 9 சதவீதம், 20 வருஷம். தவணை மாதம் 8,997 ரூபாய். ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 5 லட்சத்து 40 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்தது 1 லட்சத்து 13 ஆயிரம்தான்! அந்தச் சமயத்தில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், மீதி 180 மாதம் சுமார் 143 ஆகிவிடும். மிச்சம் இரண்டேகால் லட்சத்துக்கு மேல். ஆனால் வங்கியில் “தவணையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வருஷங்களில் கட்டுவதுதான் பலன். கடைசி இரண்டு வருஷத்தில் கட்டினால் மிச்சம் சொற்பம்.

*நிலையான வட்டிக் கடன் என்றால்?* 2012 உத்தரவு மாறும் வட்டிக்குத்தான். நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

*ஓய்வூதியப் பணம் முழுவதையும் போட்டு அடைக்கலாமா?* கூடாது என்பது என் அபிப்பிராயம். வீட்டுச் சுவரை இடித்து மருத்துவமனைக்குக் கட்ட முடியாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

*கடன் அடைந்துவிட்டது, பத்திரம்?* 2023 செப்டம்பர் 13-ஆம் தேதி உத்தரவுப்படி, முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பத்திரம் தொலைந்துபோனால் நகல் வாங்கும் செலவும் அவர்களுடையது.

*பத்திரம் கைக்கு வந்தால் போதுமா?* இதில்தான் நம் ஜனங்கள் அசந்துவிடுகிறார்கள். அடமானத்தைப் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கடன் தீர்ந்தது உங்களுக்கும் வங்கிக்கும் தெரியும். வில்லங்கப் பதிவேட்டுக்குத் தெரியாது. உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் விற்கப் போகும்போது அந்த ஒற்றை வரி அவர்களை மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

*தாத்தா ஒற்றி வைத்த நிலத்தை இப்போது மீட்க முடியுமா?* அடமானத்தை மீட்க வழக்குப் போடும் காலம் 1908-ஆம் வருஷச் சட்டத்தில் 60 வருஷமாக இருந்தது; 1963-இல் 30 வருஷமாயிற்று. ஆனால் அனுபவ ஒற்றிக்கு அந்த 30 வருஷம் பத்திரத் தேதியிலிருந்து ஓடாது, அடமானப் பணம் தீர்ந்த பிறகே கணக்கு தொடங்கும் என்று 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பழைய ஒற்றிப் பத்திரம் இருந்தால் தூக்கி எறியாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

*போக்கியத்துக்கு வீடு எடுக்கலாமா?* எடுக்கலாம். ஆனால் அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், வங்கிக்குப் பிறகுதான் உங்கள் பணம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கம் பாருங்கள், பத்திரம் பதிவு செய்யுங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடனை அடைத்தவர்கள் ரசீது ஆவணம், திரும்பி வந்த பத்திரம், புதிய வில்லங்கச் சான்று மூன்றையும் ஒரே உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அது மனைவியாக இருக்கட்டும். பட்டா மாற்றம் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது தனிக் கதை, அடுத்த கட்டுரையில் எழுதுகிறேன்.