நத்தையை ஒழித்த நாடும் புழுவைத் துரத்திய நாடும்

ஷிஸ்டோசோமியாசிஸ் நோயை ஜப்பான் அடியோடு ஒழித்தது. எகிப்து வெகுவாகக் குறைத்திருக்கிறது. பணமும் கட்டுப்பாடும் இருந்தால் எதுவும் முடியும் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. மீதியை நத்தையிடம் கேட்க வேண்டும்.

இந்த நோயை உண்டாக்குவது ஒரு புழு. நோயாளியின் மலத்திலோ சிறுநீரிலோ வெளியேறும் அதன் முட்டை நன்னீரில் பொரிகிறது. அதிலிருந்து வரும் நுண்புழு ஒரு குறிப்பிட்ட வகை நத்தைக்குள் புகுந்து பல்கிப் பெருகி, மீண்டும் தண்ணீருக்கு வந்து, அதில் கால் வைப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தக்குழாயில் ஆண் புழு தன் உடல் மடிப்புக்குள் பெண்ணை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும். பெருங்கேடு செய்பவை திசுக்களில் சிக்கிக்கொள்ளும் முட்டைகளே.

ஜப்பானில் ஆய்வாளர் கட்சுராடா இந்தப் புழுவின் அங்குள்ள வகையை 1904இல் கண்டெடுத்தது கோஃபு சமவெளியின் ஒரு பூனையிடமிருந்து. மாடும் பூனையும் நோயைச் சுமக்கும்போது மனிதருக்கு மட்டும் வைத்தியம் பார்த்து என்ன பயன்? 1913இல் ஆய்வாளர்கள் மியாயிரியும் சுசுகியும் இடைநிலை நத்தையைக் காட்டிக்கொடுத்தார்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத அது, முழுநேரமும் நீருக்குள் இருப்பதில்லை. வாய்க்காலின் ஈரமண் கரையில் ஒட்டிக்கிடக்கும். அதுவே அதன் பலவீனம். ஊர்மக்கள் சாப்பாட்டுக் குச்சியால் பொறுக்கினார்கள், சுண்ணாம்பு தூவினார்கள். கடைசியில் மண்கரைகளுக்கு சிமென்ட் பூசினார்கள். கோஃபு சமவெளி இருக்கும் யாமனாஷி மாகாணத்தில் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். வயல்கள் பழத்தோட்டங்களாக மாறியதும் கைகொடுத்தது. 1996இல் அங்கே நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்த நத்தை இன்று ஜப்பானின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது!

எகிப்து பின்தங்கித் தொடங்கவில்லை. மருத்துவர் பில்ஹார்ஸ் அங்குள்ள புழு வகையைக் கண்டது 1851இல், கெய்ரோவில். அங்குள்ள நத்தைகளின் பங்கை ஆய்வாளர் லைப்பர் நிறுவியது 1915இல். ஆனால் நைல் வாய்க்கால் நத்தைகள் தண்ணீருக்குள்ளேயே வாழ்பவை. கரையைப் பூசினால் அவை அழிந்துவிடாது. ஆண்டு முழுக்க ஓடும் பாசன நீரும், 1970இல் முடிந்த அஸ்வான் உயர் அணையும் அவற்றுக்கு வசதியாகவே அமைந்தன. நத்தைக்கொல்லி மருந்தும் தெளித்துப் பார்த்தார்கள். ஆனாலும் அங்கே நோயை முதன்மையாகச் சுமப்பவர் மனிதரே என்பதால், உடலுக்குள் இருக்கும் புழுவைக் குறிவைத்ததில் நியாயம் இருந்தது.

சறுக்கியது செய்முறையில். 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக ஆண்டிமனி மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றினார்கள். ஒருவருக்கு ஒரு டஜன் ஊசிக்கும் மேல் தேவைப்பட்டது. சரியாகக் கொதிக்கவைக்காத கண்ணாடி சிரிஞ்சுகள் கைமாறின. அவற்றோடு ஹெபடைடிஸ் சி வைரஸும் பரவியது. பிறகு வந்த பிராசிகுவான்டெல் விழுங்கும் மாத்திரை என்பதால் ஊசிக்கு வேலையில்லாமல் போனது. ஆனால் இளம்புழுக்களை அது சரிவரக் கொல்வதில்லை. வாய்க்காலில் மறுபடி இறங்குபவரைக் காப்பதும் இல்லை. 2018இல் எகிப்து தொடங்கிய மாபெரும் ஹெபடைடிஸ் சி பரிசோதனை இயக்கம், அந்தப் பழைய ஊசிகள் விட்டுப்போன கணக்கையும் சேர்த்தே தீர்க்க வேண்டியிருந்தது.